குருவில்லாக் கோயிலின் குரல்: யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் மன்னாரின் புலம்பலிசையும்

மன்னார்த் தீவு தென்கிழக்கே மன்னார் நகரில் தொடங்கி வடமேற்கே தலைமன்னார் முனையில் முடிகின்றது. உப்புக்குளம் முதலிய குடியிருப்புகளைக் கொண்ட நகர்ப்பகுதியிலிருந்து தோட்டவெளி, பேசாலை ஆகிய ஊர்களைக் கடந்து தலைமன்னார் செல்லும் பாதை பனைகளுக்கும் மணலுக்கும் ஊடாக நீண்டு கிடக்கின்றது. தவக்காலத்து மாலைப்பொழுதுகளில் இக்கரையோரக் கோயில்களிலிருந்து ஒரு நெடுங்குரல் எழுவதுண்டு. அதனைப் பாட்டென்று கூறுதல் முழுதும் பொருந்தாது. தாள வரையறையோ பல்லவியோ அதற்கு இல்லை. வாசிப்பென்று கூறுதலும் பொருந்தாது; ஒவ்வொரு வாக்கியமும் உயர்ந்து, நின்று, தழுதழுத்து, இழிந்து முடிகின்றது. இழவு வீட்டில் உறவினர் எழுப்பும் ஒப்பாரியை அறிந்தோர்க்கு அக்குரல் அயலானதன்று. கிறித்துவின் பாடுகளைக் குறித்த 'வியாகுலப் பிரசங்கம்' என்னும் நூலே அவ்வாறு இழுத்து ஓதப்படுகின்றது.

இந்நூலை யாத்தவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர், மன்னாரிற் பிறந்தவருமல்லர். கோவாவிற் பிறந்து, கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டு, போர்த்துக்கேயக் கல்வி பெற்று, 1705 ஆம் ஆண்டில் இலங்கை வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குருவானவரே அவர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமிகள் என்று போற்றுவர். அயல்மொழியாளர் ஒருவர் எழுதிய நூல் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக மீனவர் நாவிலும் உழவர் நாவிலும் நிலைபெற்றது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவரது மொழித்திறனும் பக்தியும் மட்டும் அதற்குக் காரணமாகா. குரு இல்லாத கோயிலில், இசைக்கருவி இல்லாத அவையில், பயிற்சி பெறாத ஒருவரும் ஓதத்தக்க வடிவமொன்றை அவர் தெரிந்துகொண்டார் என்பதிலேயே அவரது இசைச் சாதனை அடங்கியுள்ளது.

தடையின் காலம்

மன்னாரிற் கத்தோலிக்க சமயம் தொடக்கம் முதலே துன்பத்தோடு பிணைந்திருந்தது. பிரான்சிஸ் சவேரியாரின் முயற்சியால் இங்குத் திருமுழுக்குப் பெற்ற மக்களுள் ஏறத்தாழ அறுநூற்றுவர் 1544 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்களே மன்னார் வேதசாட்சிகள் எனப் போற்றப்படுவோர். 1560 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அடுத்த நூறாண்டுக் காலம் கத்தோலிக்கம் அரசின் ஆதரவோடு வளர்ந்தது. கோயில்கள் எழுந்தன, விழாக்கள் பெருகின, போர்த்துக்கேய சமயச் சொற்கள் பல தமிழ்ப் பேச்சிற் கலந்தன.

1658 ஆம் ஆண்டு இந்நிலையைத் தலைகீழாக்கியது. அவ்வாண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. சீர்திருத்தக் கிறித்தவராகிய அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு அகற்றினர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுத்தல் கடுங்குற்றமாயிற்று. கோயில்கள் ஒல்லாந்த சமயக் கூடங்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன. பூசையும் பாவசங்கீர்த்தனமும் குருவின்றி நிகழா. ஆதலின் கத்தோலிக்கச் சமூகம் ஒன்று குருவே இல்லாமல் எவ்வாறு நிலைத்தல் கூடும் என்னும் வினா நடைமுறைச் சிக்கலாகவே எழுந்தது. ஊர் மூப்பரும் உபதேசியாரும் வீட்டிற் கூடிச் செபித்த குடும்பங்களுமே அதற்கு விடையாயினர்.

இவ்விடையை முதலிற் கண்டுணர்ந்தவர் யோசேவ் வாஸ் முனிவர். கோவாவைச் சேர்ந்த அவர் 1687 ஆம் ஆண்டில் ஏழைத் தொழிலாளி வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்து, மறைவிற் குருப்பணி ஆற்றினார். ஐரோப்பியக் குருவொருவர் ஒல்லாந்தக் காவலர் கண்ணிலிருந்து தப்புதல் அரிது. இந்தியக் குருவோ கூட்டத்தோடு கூட்டமாக நடமாட முடிந்தது. கோவாவின் ஒரத்தோரியச் சபையினர் இலங்கைப் பணியை ஏற்று நடத்த முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்படாத கண்டி அரசு அவர்களுக்குப் புகலிடம் அளித்தது. இரண்டாம் விமலதர்மசூரியன், அவனுக்குப் பின் 1707 முதல் 1739 வரை ஆண்ட சிறீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் ஆகிய பௌத்த மன்னர் இருவரும் கத்தோலிக்கக் குருக்களை ஆதரித்தமை இலங்கை வரலாற்றிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

அடிகளாரின் வாழ்வும் பணியும்

யாக்கோமே கொன்சால்வெஸ் 1676 ஆம் ஆண்டு யூன் 8 ஆம் நாள் கோவாவின் திவார் தீவிற் பிறந்தார். கோவாவில் மெய்யியலும் இறையியலும் பயின்று, ஒரத்தோரியச் சபையிற் சேர்ந்தார். 1705 ஆம் ஆண்டில் இலங்கைப் பணிக்கென அனுப்பப்பட்ட அவர், தமிழகத்தினூடாகப் பயணம் செய்து தலைமன்னாரில் வந்து இறங்கினார். வரும் வழியிலேயே தமிழ் கற்கத் தொடங்கிவிட்டார் என்பர். இலங்கையில் அவர் கால்பட்ட முதல் நிலம் மன்னார்த் தீவே. அவரது பணி தொடங்கியதும் இக்கரையிலேயே.

பின்னர் வாஸ் முனிவர் அவரைக் கண்டிக்கு அழைத்துச் சிங்களம் பயிலச் செய்தார். இலக்கிய வளமிக்க அம்மொழியை அவர் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் வாஸ் முனிவர் கண்டியில் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற பணியின் எழுத்துப் பகுதி பெரும்பாலும் கொன்சால்வெஸ் அடிகளாரையே சார்ந்தது. சிங்களத்திலும் தமிழிலுமாகப் பல நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என அவர் கொள்ளப்படுகின்றார். தமிழில் வியாகுலப் பிரசங்கம், தேவ அருள்வேத புராணம், கிறிஸ்தியானி ஆலயம், சுவிசேட விரித்துரை முதலியன அவரால் இயற்றப்பட்டன. 1742 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் மேற்குக் கரையில் நீர்கொழும்புக்கு வடக்கேயுள்ள போலவத்தையில் அவர் உயிர் துறந்தார்.

இந்நூல்களைப் பொருள்நோக்கில் இருவகையாகப் பகுக்கலாம். ஒருவகை தருக்க நூல்கள்: பௌத்தம், சைவம், இசுலாம் ஆகிய சமயங்களையும் ஒல்லாந்தரின் சீர்திருத்தக் கிறித்தவத்தையும் மறுத்து எழுந்தவை. மற்றொருவகை பக்தி நூல்கள்: செபங்கள், புனிதர் வரலாறுகள், பாடுகளின் புலம்பல்கள். சமயப் பூசல் மிக்க அக்காலத்தில் தருக்க நூல்கள் அரசவையிலும் அறிஞரிடையேயும் பெருமதிப்புப் பெற்றிருத்தல் வேண்டும். இன்றோ அவை ஆய்வாளர் மட்டுமே நாடும் ஏடுகளாயின. மக்கள் நாவில் நின்றது புலம்பலே. வாதத்தில் வென்றாரோ தோற்றாரோ, அழுகையில் அவர் மக்களை வென்றார்.

இடைக்கால ஐரோப்பாவின் இசைமரபு

பாடுகளைப் புலம்பலாக ஓதும் வழக்கம் அடிகளாரின் கற்பனையில் முதன்முதலாகத் தோன்றியதன்று. அதன் வேர்கள் ஐரோப்பாவின் இடைக்காலத்தில் உள்ளன. 12 ஆம், 13 ஆம் நூற்றாண்டுகளிற் கிறித்துவை வெற்றி வேந்தராகக் காணும் பழைய நோக்கோடு, துன்புறும் மனிதராகக் காணும் புதிய நோக்கும் வலுப்பெற்றது. சிலுவையடியில் நின்ற தாயின் துயரைக் கூறும் 'மரியாளின் புலம்பல்' என்னும் பாவகை இலத்தீனிலும் மக்கள் மொழிகளிலும் பரவியது. 'ஸ்தாபத் மாத்தர்' எனப் புகழ்பெற்ற இலத்தீன் பாடல் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகின்றது. 1727 ஆம் ஆண்டிற் பாப்பரசர் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் அதனை வியாகுலமாதா திருநாள் வழிபாட்டிற் சேர்த்தார். அடிகளார் இலங்கையில் எழுதிக்கொண்டிருந்த காலமும் அதுவே என்பது கருதத்தக்கது. அன்னையின் வியாகுலத்தைப் பாடுதல் அக்காலத்துக் கத்தோலிக்க உலகெங்கும் உயிர்ப்புடன் விளங்கியது.

இதனினும் நெருங்கிய தொடர்பொன்று அடிகளாரின் சபையோடு உண்டு. இடைக்கால இத்தாலியின் நகரங்களிற் பொதுநிலை மக்கள் சங்கங்களாகக் கூடித் தம் தாய்மொழியில் 'லௌதா' என்னும் எளிய பக்திப் பாடல்களைப் பாடி வந்தனர். குருமார்க்குரிய இலத்தீன் இசைக்குப் புறத்தே, வணிகரும் கைவினைஞரும் தாமே பாடிய பாடல்கள் அவை. 16 ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் பிலிப்பு நேரி என்னும் புனிதர், மக்களைச் செபத்திற்கெனக் கூட்டிய மன்றங்களில் இப்பாடல்களுக்குப் புத்துயிர் அளித்தார். செபக்கூடம் எனப் பொருள்படும் 'ஒரத்தோரியம்' என்னும் சொல்லால் அம்மன்றம் வழங்கியது. 1575 ஆம் ஆண்டில் அது சபையாக அங்கீகாரம் பெற்றது. மேனாட்டு இசையில் 'ஒரத்தோரியோ' என்று இன்று வழங்கும் பெருவடிவம் இக்கூடத்தின் பெயரையே தாங்கியுள்ளது.

கோவாவில் வாஸ் முனிவர் நெறிப்படுத்திய சபை பிலிப்பு நேரியின் ஒழுங்கைப் பின்பற்றியதே. ஆகவே மக்கள் மொழியில், மக்கள் தாமே பாடத்தக்க பக்தி இசை என்னும் கொள்கை கொன்சால்வெஸ் அடிகளாருக்குச் சபை வழி வந்த உரிமை எனக் கொள்ளுதல் தகும். ஐரோப்பாவில் அக்கொள்கை இசைக்கருவிகளும் பயிற்சி பெற்ற பாடகரும் கூடிய பேரரங்காக வளர்ந்தது. மன்னாரிலோ அது ஒற்றைக் குரலாகச் சுருங்கியது. சுருங்கியதாற் குறைவுபடவில்லை என்பதே நோக்கத்தக்கது.

புலம்பலின் தமிழ் வடிவம்

வியாகுலப் பிரசங்கம் ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. அது உரைநடையால் ஆனது. தமிழிற் பக்தி இலக்கியம் என்றவுடன் செய்யுளையே எண்ணும் மரபில் இது வியப்பளிப்பதாகும். அடிகளாரின் சமகாலத்தவரான வீரமாமுனிவரின் நெறியோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவாகும். இத்தாலியராகிய முனிவர் 1726 ஆம் ஆண்டிற் தேம்பாவணியை முடித்தார். அன்னையின் துயரைப் பொருளாகக் கொண்டு அன்னை அழுங்கல் அந்தாதி என்னும் சிற்றிலக்கியத்தையும் பாடினார். புலவர் அவையில் தமிழ்ச் செய்யுளாலேயே கிறித்தவத்திற்கு இடம்பெற வேண்டும் என்பது முனிவரின் நோக்கம். அதில் அவர் பெற்ற வெற்றியைத் தமிழுலகம் அறியும். ஆயின் அந்தாதியைச் சுவைக்கச் செய்யுட்பயிற்சி வேண்டும். ஒரே காலத்தில், ஒரே பொருளில், கடலின் இரு கரைகளிலும் அயல்மொழியாளர் இருவர் தமிழில் எழுதினர். ஒருவர் கற்றோர்க்கும் மற்றவர் கேட்போர்க்கும் எழுதினர்.

அடிகளார் உரைநடையைத் தெரிந்துகொண்டதன் பயனை மூன்றாகக் கூறலாம். முதலாவது, பொருள் கேட்டவுடன் விளங்கும். எழுத்தறியாதவரும் உரைகாரர் துணையின்றி உணர்வர். இரண்டாவது, யாப்பின் கட்டு இல்லாமையால் ஓதுவோன் தன் மூச்சுக்கும் துயருக்கும் ஏற்ப வாக்கியத்தை நீட்டவும் நிறுத்தவும் கூடும். மூன்றாவது, ஒப்பாரியின் இயல்போடு அது எளிதில் இணையும். ஒப்பாரியும் விளித்து வினவி, இறந்தாரின் பெருமை கூறி, எஞ்சினாரின் அவலம் கூறிச் செல்வது. சொல் முந்த, இசை அதனைத் தொடர்வது. இழவு வீட்டில் தாயொருத்தி தன் மகனை எண்ணி அழும் முறையை அறிந்தவர்களுக்குச் சிலுவையடியில் நின்ற தாயின் துயரை விளக்க வேறு இசை வேண்டியதில்லை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அடிகளார் ஒப்பாரியைக் கருதி எழுதினாரா, மக்கள் தாமே அதனை ஒப்பாரியாக்கினரா என்பதே அது. மெட்டைக் குறிக்கும் சுரக்குறிப்பு எதுவும் நூலில் இல்லை. ஆதலின் இசையின் முழு உரிமையையும் அவருக்கே அளித்தல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. எனினும் நாட்டார் இசைவடிவங்களை அவர் அறிந்து பயன்படுத்தினார் என்பதற்கு அவரது சிங்கள நூலொன்றே சான்றாகின்றது. 'ஆனந்த களிப்புவ' என்பது அதன் பெயர். ஆனந்தக்களிப்பு தமிழ்ப் பாவகையின் பெயர் என்பதும், அவர் காலத்தவரான தாயுமானவர் பாடல்களிலும் அப்பெயர் இடம்பெறுகின்றது என்பதும் யாவரும் அறிவர். சிங்களப் பக்திப் பாடலுக்குத் தமிழ் இசைவடிவின் பெயரைச் சூட்டிய ஒருவர், தமிழில் எழுதும்போது தமிழரின் அழுகையிசையை அறியாதிருந்தார் எனல் பொருந்தாது. சொல்லை அவர் தந்தார். இசைக்கு அதில் இடம் விட்டார். அவ்விடத்தை மக்கள் நிரப்பினர். இதுவே ஏற்புடைய முடிவாகத் தோன்றுகின்றது.

நூல் பரவிய முறையும் இம்முடிவுக்கு அரண் செய்கின்றது. 1737 ஆம் ஆண்டிற் கொழும்பில் அச்சகம் நிறுவியவர் ஒல்லாந்தர். அது அவர்தம் சமயத்திற்கே உதவியது. கத்தோலிக்கர்க்கு அச்சு வாய்ப்பு இல்லை. கையெழுத்துப் படிகளே ஊர்தோறும் சென்றன. குருவானவர் ஓராண்டில் ஒருமுறை வருதலும் அரிதாயிருந்த ஊரில், படியொன்றும் அதனை ஓதவல்ல ஒருவரும் இருந்தாற் போதும். பெரிய வெள்ளி பெரிய வெள்ளியாகவே கழியும். திருப்பலி இலத்தீனிலும் குருவின் கையிலும் இருந்தது. பிரசங்கமோ தமிழிலும் மக்கள் கையிலும் இருந்தது. காவலர் வரின் ஏட்டை மறைத்துக் குரலை அடக்குதல் எளிது. அவர் போனபின் மீண்டும் தொடங்குதலும் எளிது.

அயர்லாந்தின் இணைநிலை

இத்தகைய நிலை மன்னாருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் மேற்கெல்லையில், கெல்திய மொழி வழங்கிய அயர்லாந்திலும் அதே காலத்தில் அதே சிக்கல் எழுந்தது. ஆங்கிலேயச் சீர்திருத்தச் சமய ஆட்சி 1697 ஆம் ஆண்டின் சட்டத்தாற் கத்தோலிக்க ஆயர்களையும் துறவறக் குருக்களையும் நாடு கடத்த ஆணையிட்டது. எஞ்சிய குருக்கள் 1704 முதல் அரசிற் பதிவுசெய்தே பணியாற்ற வேண்டியவராயினர். மலைச்சரிவுகளிற் பாறையைப் பீடமாக்கி மறைவிற் பூசை நிகழ்ந்த காலம் அது.

அயர்லாந்து மக்களிடையே இறந்தாரைச் சூழ்ந்து பெண்கள் புலம்பும் 'கீனெ' என்னும் தொன்மையான வழக்கம் இருந்தது. ஒப்பாரியைப் போன்றே அதுவும் இறந்தாரை விளித்து, அவர்தம் குடிப்பெருமை கூறி, கூடியிருப்போரும் சேர்ந்து ஓலமிடப் பாடப்படுவது. திருச்சபை அதனை உவந்து ஏற்கவில்லை. 17 ஆம் நூற்றாண்டிலேயே அயர்லாந்தின் திருச்சபை மன்றங்கள் இழவு வீட்டுப் புலம்பலைக் கண்டித்தன. ஆயினும் அப்புலம்பலே பாடுகளின் பக்திக்கும் வடிவம் தந்தது. 'மூன்று மரியாள்களின் புலம்பல்' என்னும் ஐரிய மொழிப் பாடல் அவ்வாறு எழுந்ததே. கொனமாரா கடற்கரையிற் பிறந்த மரபுப் பாடகர் ஜோ ஹீனி (1919–1984) அதனைத் தம் முன்னோரிடமிருந்து செவிவழிப் பெற்றுப் பாடினார். அவர் குரல் ஒலிப்பதிவாக இன்றும் உள்ளது. கருவியின் துணையின்றி, ஒற்றைக் குரலில், மொழியின் இயல்பான ஓட்டத்தைப் பின்பற்றிச் செல்லும் இசை அது.

கொனமாராவும் மன்னாரும் ஒன்றையொன்று அறியா. இரண்டிற்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது எனக் கூற இடமில்லை. ஆயினும் குருவைத் தடைசெய்த ஆட்சி, கடலை நம்பி வாழும் எளிய குடிகள், சாவீட்டுப் பெண்களின் குரல், மகனை இழந்த தாயின் கதை ஆகிய நான்கும் இரு கரைகளிலும் ஒருங்கே அமைந்தன. ஒரே வகையான இசை இரண்டிலும் எழுந்தது. எனவே இப்புலம்பலிசையை ஐரோப்பிய இறக்குமதி என்று ஒதுக்குவதும், ஒரு தனிமனிதரின் மேதைமை என்று மட்டும் புகழ்வதும் ஒருங்கே குறையுடையன. தடை செய்யப்பட்ட சமூகம் தன்னிடம் எஞ்சியிருந்த ஒரே கருவியாகிய மனிதக் குரலைக் கொண்டு தன்னைக் காத்துக்கொண்ட வரலாறே இரு கரைகளிலும் காணப்படுகின்றது.

ஒப்பீடு ஒரு வேறுபாட்டையும் காட்டுகின்றது. அயர்லாந்துப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. மன்னார்ப் பிரசங்கத்திற்கு உண்டு. அங்குப் பாடல் செவிவழி மட்டுமே வந்தது. இங்குச் சொல் ஏட்டிலும் இசை செவியிலுமாக இருவழிகளில் வந்தது. இவ்விரட்டை வழியே பிரசங்கத்தின் வலிமையும் அதன் இன்றைய இடருமாகும்.

மன்னார் மண்ணில்

கிறித்துவின் பாடுகளை நினைவுகூரும் வழக்கங்கள் மன்னார்க் கரையிற் பலவாகப் பெருகின. பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த 'பசாம்' என்னும் சொல் கரையோரத் தமிழில் இடம்பெற்றது. பேசாலையிற் பேருருவப் பாவைகளைக் கொண்டு பாடுகளை நிகழ்த்திக் காட்டும் 'உடக்குப் பாஸ்' புகழ்பெற்றது. கூத்து மரபும் இங்கே செழித்தது. யாழ்ப்பாணப் பாங்கு எனப்படும் வடபாங்கும், மாதோட்டப் பாங்கு எனப்படும் தென்பாங்கும் ஆகிய இருநெறிகளிற் கத்தோலிக்க நாடகங்களும் வாசாப்புகளும் ஆடப்பட்டன. மூவிராசாக்கள், ஞானசௌந்தரி, எண்டிறீக்கு எம்பரதோர் முதலிய கதைகள் ஐரோப்பிய மரபிலிருந்து வந்து தமிழ் அண்ணாவிமார் கையில் முற்றிலும் தமிழ்க் கூத்தாயின. பேரரசன் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே எம்பரதோர் எனத் திரிந்தது.

கூத்து திருவிழாவுக்குரியது, அதற்கு அரங்கு வேண்டும், மத்தளம் வேண்டும், மாதக்கணக்கிற் பயிற்சி வேண்டும். பிரசங்கம் துயருக்குரியது, அதற்குக் குரல் போதும். இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. பிற்காலத்திற் தமிழ்க் கிறித்தவ இசையில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அரசவைப் பின்னணியில் நின்று கீர்த்தனையும் குறவஞ்சியும் பாடினார். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலால் தமிழிசையின் இலக்கணத்தையே ஆராய்ந்தார். அவர்கள் நிலையில் வைத்து இசைவாணர் என அழைக்கத்தக்க பயிற்சிப் பெருமை எதனையும் கொன்சால்வெஸ் அடிகளாருக்கு ஏற்றிக் கூறவேண்டியதில்லை. ஆயின் இராகமறியா மக்கள் இசையோடு வழிபட வழிசெய்தவர் என்ற வகையில் அவர்களுக்கு முன்னோடியாக அவரை வைத்தெண்ணுதல் முறையாகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மன்னார் நகரில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சைவரும் அடுத்தடுத்து வாழ்ந்து வந்துள்ளனர்; மறுகரையில் மாதோட்டத்தில் பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் உள்ளது. அடிகளாரின் தருக்க நூல்கள் இவ்வயலாரை எதிர்த்தரப்பாகக் கண்டன. அவரது புலம்பலோ எவரையும் வாதுக்கு அழைக்கவில்லை. மகனை இழந்த தாயின் குரல் எச்சமயத்தார் செவிக்கும் பொருள்படும். எழுதியவரின் கருத்துப் போரை மறந்து, அவரது இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்ட மக்களின் தெரிவு போற்றத்தக்கது.

எஞ்சியிருப்பது

ஆங்கிலேயர் ஆட்சியில் 1806 ஆம் ஆண்டிற் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. 1847 முதல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் யாழ்ப்பாணப் பகுதியிற் பணியாற்றினர். குருக்கள் வந்தனர், அச்சகம் வந்தது, கோயில்களில் ஆர்மோனியமும் பாடகர் குழுவும் இடம்பெற்றன. பிரசங்கம் தோன்றுதற்குக் காரணமாயிருந்த குருவின்மை நீங்கியபின்னும் பிரசங்கம் நீங்கவில்லை. திருப்பலி இலத்தீனில் நடந்தவரை, தமிழில் அழுவதற்குரிய இடம் அதுவாகவே இருந்தது. 1963 ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தபின் அவ்விடமும் பகிர்ந்துகொள்ளப்பட்டது. புதிய தமிழ்ப் பாடல்கள் பெருகின. 1981 ஆம் ஆண்டில் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. அதனையடுத்த ஆண்டுகளில் 2009 வரை நீடித்த போர் மன்னார் ஊர்களைப் பலமுறை இடம்பெயரச் செய்தது. 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் யோசேவ் வாஸ் முனிவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடு மாதா திருத்தலத்தையும் தரிசித்தார். முனிவரின் பெயர் உலகறிந்ததாயிற்று. அவர் பயிற்றிய எழுத்தாளரின் பெயர் இன்னும் ஈழத்துக் கத்தோலிக்கர் அளவிலேயே நிற்கின்றது.

கூத்துப் பனுவல்களுக்குக் கிடைத்த நற்பேறு ஈண்டு நினைக்கத்தக்கது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாட்டுக்கூத்துகள் சிலவற்றைப் பதிப்பித்து அறிவுலகின் கவனத்திற் கொணர்ந்தார். அதனால் அவை நாட்டார் வழக்கு என்னும் நிலையிலிருந்து ஆய்வுப் பொருள் என்னும் நிலைக்கு உயர்ந்தன. பிரசங்கத்தின் நிலை வேறு. அதன் சொல் அச்சில் உள்ளது. ஆகவே அது பாதுகாக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணம் எளிதில் எழும். ஆனால் அச்சிலுள்ளது பாதியே. எவ்விடத்தில் குரல் உயரும், எச்சொல்லில் மூச்சு முறியும், எப்போது கூட்டம் சேர்ந்து அழும் என்பன எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. ஓதத் தெரிந்த முதியவர் ஒருவர் இளையவர் ஒருவருக்குக் கற்பியாமல் மறைவாராயின், நூல் அலமாரியில் இருக்க இசை அழியும். இடம்பெயர்ந்த ஊர் மீளக் குடியேறலாம். இடையறுந்த மெட்டு அவ்வாறு மீள்வதில்லை.

அயர்லாந்தில் மரபுப் பாடகர் குரல்கள் உரிய காலத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டமையாலேயே அவர்தம் புலம்பலை உலகம் இன்று கேட்க முடிகின்றது. மன்னார்க் கரையின் ஓதுமுறைகளையும் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்து, ஒப்பாரியோடும் கூத்திசையோடும் சிங்களப் பசன் மரபோடும் ஒப்பிட்டு ஆராய்தல் தமிழ்த்துறையும் இசைத்துறையும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும். அவ்வாய்வு நிகழுமாயின், அடிகளாருக்கு உரியது எவ்வளவு, மக்களுக்கு உரியது எவ்வளவு என்னும் வினாவுக்கும் தெளிவான விடை கிட்டும்.

1705 ஆம் ஆண்டில் தலைமன்னாரில் இறங்கிய குருவானவர் ஒருநாள் தாம் இல்லாமற் போவதை எண்ணியே எழுதினார் போலும். குரு பிடிபடலாம், நாடு கடத்தப்படலாம், இறக்கலாம். ஆயினும் பெரிய வெள்ளி ஆண்டுதோறும் வரும். அந்நாளில் ஓத ஒரு நூலும், ஓதுவதற்கு ஒரு குரலும் ஊரில் இருத்தல் வேண்டும் என்பதே அவர் நோக்கம். நூலை அவர் தந்துவிட்டார். குரலைக் காத்தல் பின்வந்தோர் கடனாகும்.